வெறுங்காலைத் தவிர வேறொன்றும் கேட்க மாட்டீர்களா?

சென்ற இதழில் ஏதோ ஒரு பதிலின் நடுவே, 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். எத்தியோப்பியாவின் அபெபே பிக்கிலா வெறுங்காலோடு ஓடித் தங்கம் வென்றார் என்பதுதான் அதன் சாரம். வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்துவிட்டு இந்தமுறை பகுதி முழுவதையும் அவருக்கே கொடுத்துவிட்டேன். கிரிக்கெட் கேள்விகள் காத்திருக்கட்டும். அவற்றுக்குக் காத்திருந்து பழக்கமில்லை, பழகிக்கொள்ளட்டும்.

கேள்வி: ஷூ வாங்கக் காசில்லாத ஏழை என்பதால்தானே அவர் வெறுங்காலோடு ஓடினார்? (ஏறக்குறைய இதே சொற்களில் பதினொரு கடிதங்கள்)

இல்லை. பதினொரு பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன், இல்லை. அபெபே பேரரசர் ஹைலே செலாசியின் மெய்க்காவல் படையில் இருந்த சிப்பாய். மாதச் சம்பளக்காரர். ரோமுக்குப் போனபின் புது ஷூ ஒன்றை வாங்கவும் செய்தார். அது காலுக்குப் பொருந்தாமல் கொப்புளம் போட்டுவிட்டது. ஊரில் வெறுங்காலோடு ஓடிப் பழகிய மனிதர், ஓட்டத்தன்று அதைக் கழற்றி வைத்துவிட்டார். கதை அவ்வளவுதான்.

இது எவ்வளவு புத்திசாலித்தனமான முடிவு என்பது எனக்குத் தெரியும். என் மூன்றாவது மாரத்தானுக்கு முதல் நாள் ஆசைப்பட்டு வாங்கிய புது ஷூவில் ஓடினேன். இரண்டு கட்டைவிரல் நகங்களும் கறுத்து விழுந்தன. கழற்றி எறியும் துணிவு இருபத்தைந்தாவது கிலோமீட்டரில்கூட எனக்கு வரவில்லை. விலை கொடுத்து வாங்கியது ஆயிற்றே!

இன்னொன்று. அன்று ரோமில் வெறுங்காலோடு ஓடியவர் அபெபே ஒருவர் மட்டும் இல்லை. அவருடைய அணித்தோழர் அபெபே வாக்கிராவும் அப்படித்தான் ஓடினார். ஏழாவதாக வந்தார். அவர் பெயரைக் கேட்டு ஒரு கடிதம்கூட வரவில்லை. வெறுங்காலில்தான் மந்திரம் இருந்தது என்றால் வாக்கிராவுக்கும் ஒரு பதக்கம் கிடைத்திருக்க வேண்டாமா?

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு ஒரு செய்தி. ரோமுக்கு ஒரு மாதம் முன்பு, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் அடிஸ் அபாபாவில் அபெபே ஒரு மாரத்தானை 2 மணி 21 நிமிடம் 23 விநாடியில் முடித்திருந்தார். அப்போதைய ஒலிம்பிக் சாதனை செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் சாட்டோபெக் 1952இல் ஹெல்சின்கியில் ஓடிய 2:23:03. காற்று மெலிந்த ஊரில், வெளியுலகம் கவனிக்காத ஒரு போட்டியில் அதைவிட ஒன்றரை நிமிடத்துக்கும் மேல் வேகமாக ஓடிவிட்டுத்தான் ஒரு சிப்பாய் விமானம் ஏறினார். அந்த எண்ணைக் கவனித்தவர்களுக்கு ரோமில் ஆச்சரியம் ஏதும் இருந்திருக்காது. கவனிக்காதவர்கள் காலைப் பார்த்தார்கள்.

கேள்வி: உலகமே 'பிக்கிலா' என்கிறது. நீங்கள் மட்டும் 'அபெபே' என்று ஏன் எழுதுகிறீர்கள்? (ஒரு தமிழாசிரியை)

உங்களுக்கு இது எளிதில் புரியும். எத்தியோப்பியாவில் குடும்பப் பெயர் கிடையாது. சொந்தப் பெயரை அடுத்து அப்பா பெயர் வரும். நாம் தலைப்பெழுத்தாக முன்னால் வைப்பதை அவர்கள் முழுதாகப் பின்னால் வைக்கிறார்கள். 'பிக்கிலா தங்கம் வென்றார்' என்று எழுதினால் பதக்கம் அப்பாவின் கழுத்துக்குப் போய்விடுகிறது.

கேள்வி: ரோம் ஓட்டத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்களேன். கடைசியில் ஒரு தூண் அருகில் வைத்து முந்தினார் என்று எங்கோ படித்தேன். (ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்)

நல்ல கேள்வி. ஆற அமரச் சொல்லலாம்.

1960 செப்டம்பர் 10. வெயிலுக்குப் பயந்து மாலை ஐந்தரைக்கு மேல்தான் ஓட்டத்தைத் தொடங்கினார்கள். மாரத்தான் வழக்கமாக விளையாட்டரங்கத்தில் முடியும். இங்கே கான்ஸ்டன்டைன் வளைவு என்ற பழங்கால நினைவு வாயிலின் அடியில் முடிந்தது. அபெபேயின் மார்பில் எண் 11. மொராக்கோவின் ராடி பென் அப்தஸ்ஸலாமைக் கவனித்துக்கொள், அவர் எண் 26 என்று அவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆனால் ராடி 185ஆம் எண்ணோடு வந்து நின்றார். ஆக, அபெபே பாதி ரோம் நகரத்தில் 26ஐத் தேடிக்கொண்டே ஓடினார். பக்கத்தில் கூடவே வந்துகொண்டிருந்த 185தான் தேடிய ஆள் என்பது தெரியாது. எனக்கு இந்த ஓட்டத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். எதிரி யார் என்று தெரியாமலேயே எதிரிக்குச் சரியாக ஈடுகொடுத்திருக்கிறார்.

தொடக்கத்தில் முன்னணிக் கூட்டத்தின் வால்பக்கம்தான் இருந்தார். 25 கிலோமீட்டருக்குள் அவரும் ராடியும் மட்டும் தனியாகப் பிரிந்துவிட்டார்கள். மற்றவர்கள் நிமிடக் கணக்கில் பின்தங்கினார்கள். இருட்டிவிட்டது. பழைய அப்பியா சாலையின் ஓரமாக இத்தாலியச் சிப்பாய்கள் தீப்பந்தம் பிடித்து நின்றார்கள். அந்த வெளிச்சத்தில் இரண்டு ஆப்பிரிக்கர்கள் தோளோடு தோளாக, ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஓடினார்கள்.

இப்போது உங்கள் தூணுக்கு வருகிறேன். அது அக்சும் கல்தூண். எத்தியோப்பியாவின் பழந்தலைநகரில் நின்ற, ஏறக்குறைய 1,700 ஆண்டு பழைமையான, 24 மீட்டர் உயரக் கல். முசோலினியின் படை எத்தியோப்பியாவைப் பிடித்தபின், 1937இல் அதைப் பெயர்த்து ரோமுக்குக் கொண்டுபோய், போர்ட்டா கபேனா சதுக்கத்தில் நட்டுவைத்தார்கள். ஓட்டப்பாதை அந்தச் சதுக்கத்தை இருமுறை கடந்தது. இரண்டாம் முறை அதை நெருங்கியபோது முடிவுக்கோட்டுக்கு இன்னும் 500 மீட்டர்தான். அங்கேதான் அபெபே பாய்ந்தார். ராடியால் பதில் சொல்ல முடியவில்லை. 25 விநாடி இடைவெளி. நேரம் 2:15:16.2, புதிய உலகச் சாதனை. சகாராவுக்குத் தெற்கே இருந்து வந்த ஒரு கறுப்பின ஆப்பிரிக்கர் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றது அதுவே முதல்முறை.

களவுபோன கல்லின் அடியிலிருந்து அந்த நாட்டுச் சிப்பாய் பாய்ந்தார் என்று எழுதும்போது என் பேனாவுக்கும் கொஞ்சம் வெறி ஏறத்தான் செய்கிறது. ஆனால் ஓட்டக்காரன் கண்ணால் பார்த்தால், முடிவுக்கு 500 மீட்டர் முன்னால் இருட்டிலும் தப்பாமல் தெரியும் ஓர் அடையாளம் அது. வேகம் கூட்ட அதைவிட நல்ல இடம் கிடையாது. இரண்டும் உண்மையாக இருந்துவிட்டுப் போகட்டும். கல் 2005இல்தான் எத்தியோப்பியாவுக்குத் திரும்பியது. அபெபே அதைப் பார்க்கவில்லை.

முடிவுக்கோட்டைத் தாண்டியதும் மனிதர் விழவில்லை. நின்ற இடத்திலேயே ஓடினார், குனிந்து கால்விரலைத் தொட்டார். இன்னும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடியிருப்பேன் என்றார்.

கேள்வி: மலைநாட்டில் பிறந்தவருக்கு மாரத்தான் என்ன பெரிய காரியம்? காற்றுதானே காரணம்? (கல்லூரி மாணவர்)

உயரத்தில் ஆக்சிஜன் குறைவு. ஈடுகட்ட உடல் சிவப்பணுக்களை அதிகம் உண்டாக்குகிறது. கீழே இறங்கி ஓடும்போது அது கைகொடுக்கும். இதுவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்த மலையில் லட்சக்கணக்கான பேர் அதே காற்றைத்தான் சுவாசித்தார்கள்.

பயிற்சியாளர் ஒருவரை மறந்துவிட்டீர்கள். ஓன்னி நிஸ்கானன். பின்லாந்தில் பிறந்த சுவீடன்காரர். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் எத்தியோப்பியாவுக்கு வந்து உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தவர். மெய்க்காவல் படையில் நன்றாக ஓடுகிறவர்களைப் பொறுக்கியெடுத்துத் திட்டம் போட்டு ஓடவைத்தார். அபெபே முதல் நாளே சாம்பியனாக வந்து நின்றுவிடவில்லை. 1956இல் படைப் போட்டியில் வாமி பிராட்டு என்பவருக்குப் பின்னால் இரண்டாவதாகத்தான் வந்தார். நான்கு ஆண்டு உழைப்பு இடையில் இருக்கிறது. முப்பது ஆண்டு பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில், 'பிறவியிலேயே வந்தது' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு விசில் ஊதத் தோன்றும்.

கேள்வி: பதக்கம் வென்ற அதே ஆண்டில் அவர் சிறை சென்றாராமே?

சிறை என்பதைவிடப் பிடித்துவைத்து விசாரித்தார்கள் என்பது பொருத்தம். 1960 டிசம்பரில், பேரரசர் வெளிநாட்டில் இருந்தபோது, மெய்க்காவல் படையின் தளபதி மெங்கிஸ்டு நெவாயே ஆட்சியைக் கவிழ்க்க முயன்றார். சில நாட்களில் அது அடக்கப்பட்டது. தளபதியைத் தூக்கிலிட்டார்கள். அபெபே அந்தப் படையின் ஆள் என்பதால் சந்தேக வளையத்துக்குள் வந்து, பிறகு விடுவிக்கப்பட்டார். செப்டம்பரில் ஊர்வலம், டிசம்பரில் விசாரணை. சிப்பாயின் புகழுக்கு அவ்வளவுதான் உறுதி.

கேள்வி: அவர் தோற்றதே இல்லையா?

1963 பாஸ்டன். ஐந்தாம் இடம். அவரும் சக எத்தியோப்பியர் மாமோ வோல்டேயும் சாதனை வேகத்தில் பறந்துகொண்டிருந்தார்கள். பிறகு குளிர்காற்றும் மேடும் சேர்ந்து இருவரையும் பிடித்துக்கொண்டன. மேட்டில் பிறந்தவரை மேடே பழிவாங்கியது. முழுதாக ஓடிமுடித்தும் வெல்லாமல் போன அவருடைய ஒரே வெளிநாட்டு மாரத்தான் அது.

கேள்வி: டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டு ஓடினார். அதனால் ரோம் அளவுக்குப் பேசப்படவில்லை. சரிதானே?

பேசப்படவில்லை என்பது சரி. பேசியிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

1964 அக்டோபர் 21. அதற்கு ஏறக்குறைய ஐந்து வாரம் முன்புதான் அவருக்குக் குடல்வால் அழற்சி வந்து வயிற்றைக் கிழித்துத் தைத்திருந்தார்கள். என் தம்பிக்கு அதே அறுவை சிகிச்சை நடந்தபோது ஐந்தாம் வாரத்தில் அவன் மாடிப்படி ஏறுவதற்கே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். அபெபே ஐந்தாம் வாரத்தில் ஒலிம்பிக் மாரத்தானின் தொடக்கக்கோட்டில் நின்றார்.

ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் தொடக்கத்தில் கண்மூடித்தனமான வேகம் வைத்தார். அபெபே பதறவில்லை, விடவும் இல்லை. பாதித் தூரம் தாண்டுவதற்குள் கிளார்க் பின்தங்கினார். அயர்லாந்துக்காரர் ஜிம் ஹோகன் கொஞ்ச தூரம் தொங்கிக்கொண்டு வந்தார், 35 கிலோமீட்டருக்குப் பிறகு ஓட்டத்தையே விட்டு விலகினார். அதற்குப்பின் அபெபே தனி ஆள். 2:12:11.2, மறுபடி உலகச் சாதனை. அடுத்தவர் வந்து சேர நான்கு நிமிடத்துக்கும் மேல் ஆயிற்று. அந்த நான்கு நிமிடத்தில் அபெபே மைதானப் புல்லில் மல்லாந்து படுத்துக் காலை மேலே தூக்கி உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார். ஒலிம்பிக் மாரத்தானை இருமுறை வென்ற முதல் ஆள் அவர். பின்னாளில் கிழக்கு ஜெர்மனியின் சியர்பின்ஸ்கியும் கென்யாவின் கிப்சோகேவும்தான் அதைத் திரும்பச் செய்தார்கள்.

டோக்கியோவை எண்ணும்போது இன்னொருவரும் நினைவுக்கு வருவார். கொக்கிச்சி சுபுராயா, ஜப்பானியர். அரங்கத்துக்குள் இரண்டாவதாக நுழைந்தார். சொந்த மக்கள் எழுபதாயிரம் பேருக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க, பிரிட்டனின் பேசில் ஹீட்லி கடைசிச் சுற்றில் அவரைத் தாண்டினார். இடைவெளி 3.6 விநாடி. சுபுராயாவுக்கு வெண்கலம். 1968 ஜனவரியில், 27 வயதில், அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மூன்றாம் இடத்தைத் தோல்வியாகப் பார்க்கும் பெற்றோர் யாராவது இதைப் படித்தால், அடுத்த கேள்விக்குப் போகாமல் சற்று நிற்கவும்.

கேள்வி: 2 மணி 12 நிமிடமெல்லாம் இன்று சாதாரணம். 2023இல் சிகாகோவில் கென்யாவின் கெல்வின் கிப்டும் 2:00:35 ஓடினாரே? (பொறியாளர்)

ஓடினார், மறுக்கவில்லை. நீங்கள் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். 400 மீட்டர் மைதானத்தில் ஒரு சுற்றை 77 விநாடியில் ஓடுங்கள். அதுதான் ரோம் வேகம். நிற்காமல் அதே வேகத்தில் அடுத்த சுற்று. மொத்தம் 105 சுற்று, அதன் மேல் ஓர் அரைச் சுற்று. என் பள்ளியில் மாவட்ட அளவில் பரிசு வாங்கிய பையன்களை வைத்து இதைச் சோதித்தேன். மிக நன்றாக ஓடியவன் ஒன்பதாவது சுற்றில் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். அன்றைக்கு நான் அவனைத் தண்டிக்கவில்லை. டோக்கியோ வேகம் சுற்றுக்கு 75 விநாடி.

கேள்வி: 1968இல் பாதியில் விலகினார். வயதாகிவிட்டது என்று தெரிந்தும் ஏன் ஓட வேண்டும்?

வயதைப் பழிக்க வேண்டாம். அன்று மெக்சிகோவில் வென்ற மாமோ வோல்டே அபெபேயின் வயதுக்காரர்தான், அவருக்கும் 36. சிக்கல் அபெபேயின் காலில். 1967லேயே ஸ்பெயினில் ஓர் ஓட்டத்தில் தொடைப் பின்தசையில் காயம் பட்டு விலகியிருந்தார். அது முழுதாக ஆறவில்லை. மெக்சிகோவில் காலில் எலும்பு முறிவோடுதான் நின்றார். மார்பில் எண் 1. ஏறக்குறைய 17 கிலோமீட்டர் ஓடிவிட்டு விலகினார். ஏன் ஓடினார் என்கிறீர்கள். எண் ஒன்றை மார்பில் குத்திக்கொண்டு, கால் வலிக்கிறது என்று சொல்லி அறைக்குள் உட்கார்ந்திருக்க உங்களால் முடியுமா? என்னால் முடியும். அதனால்தான் நான் கேள்வி பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஆறு ஆண்டாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். அபெபேயின் கடைசிக் காலத்தைச் சொல்லி எனக்கு ஊக்கம் தர வருகிறார்கள். எரிச்சல்தான் வருகிறது. நடந்ததை மட்டும் சொல்வீர்களா? (ஒரு வாசகி)

சொல்கிறேன், அம்மா. ஊக்கம் கலக்காமல்.

1969 மார்ச் 22 இரவு, அவர் ஓட்டிய வோல்க்ஸ்வேகன் பீட்டில் கார் கவிழ்ந்தது. மறுநாள் காலைவரை உள்ளேயே சிக்கிக் கிடந்தார். முதலில் கைகால் நான்கும் செயலற்றுப் போயின. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் எட்டு மாதம் இருந்தார். கைகள் திரும்பின. கால்கள் திரும்பவில்லை. 1970இல் அங்கு நடந்த சக்கர நாற்காலி விளையாட்டுப் போட்டியில் அம்பு எய்தார், மேசைப்பந்து ஆடினார். 1971இல் நார்வேயில் நாய்கள் இழுக்கும் பனிச்சறுக்கு வண்டிப் பந்தயத்தில், 25 கிலோமீட்டர் தூரம், முதலாவதாக வந்தார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் சிறப்பு விருந்தினராக நாற்காலியில் வந்தபோது அரங்கம் எழுந்து நின்றது. 1973 அக்டோபர் 25 அன்று, மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்தார். விபத்தின் பின்விளைவு. வயது 41.

என்னைக் கேட்டால், அவர் அம்பு எய்ததும் பந்து ஆடியதும் யாருக்கும் பாடம் நடத்த அல்ல. ஆண்டுக்கணக்கில் போட்டியிலேயே வாழ்ந்த மனிதருக்குப் போட்டி இல்லாமல் பொழுது போகவில்லை. உங்களுக்கு எதில் பொழுது போகிறது என்று யாராவது கேட்டார்களா? எழுதுங்கள், அதையும் இங்கே வெளியிடுகிறேன்.

கேள்வி: நம் நாட்டில் அப்படி யாரும் இல்லையா?

சிவ்நாத் சிங். பெரும்பாலும் வெறுங்காலோடு ஓடியவர். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் பதினொன்றாம் இடம். 1978இல் ஜலந்தரில் சரியாக 2 மணி 12 நிமிடம் ஓடினார். அபெபேயின் டோக்கியோ நேரத்தைவிட 11 விநாடி வேகம். தனி இதழ் கொடுக்க வேண்டிய மனிதர். கொடுப்பேன்.

கேள்வி: சென்ற இதழைப் படித்துவிட்டு என் மகன் ஷூவைக் கழற்றி வீசிவிட்டு ஓடுகிறான். நீங்கள்தான் பொறுப்பு. (ஒரு தாய்)

பொறுப்பேற்கிறேன். ஷூவைத் தேடி எடுத்துக் காலில் மாட்டிவிடுங்கள். அடிஸ் அபாபாவின் வெளிகளில் அபெபே ஆண்டுக்கணக்கில் ஓடி உரமேற்றிய பாதம் அது. உங்கள் மகன் பாதத்துக்கு ஒரு வாரம்தான் ஆகிறது. முதலில் குதிகால் தசைநார் வலிக்கும், பிறகு அவனே மாட்டிக்கொள்வான். அதற்கும் முன்னால் கண்ணாடிச் சில்லு ஏதும் குத்தாமல் இருக்கட்டும்.

கேள்வி: 'உலகச் சாதனையைப் பெரும் இடைவெளியில் முறியடித்தார்' என்று ரோம் ஓட்டம் பற்றி எழுதியிருந்தீர்கள். சரிபார்த்தீர்களா? (ஓய்வுபெற்ற கணக்காளர்)

சரிபார்க்கவில்லை. மாட்டிக்கொண்டேன். பெரும் இடைவெளி டோக்கியோவில்தான். அங்கே ஹீட்லி வைத்திருந்த 2:13:55 உலகச் சாதனையை ஒரு நிமிடம் 44 விநாடி குறைத்தார். ரோமில் அவர் முறியடித்தது ரஷ்யர் செர்கேய் போபோவ் 1958இல் ஸ்டாக்ஹோமில் ஓடிய 2:15:17.0. கழித்துப் பாருங்கள், 0.8 விநாடி. அந்தச் சாதனை பறிபோன நேரத்தில் போபோவும் அதே ரோம் சாலையில்தான் இருந்தார். நான்கு நிமிடம் பின்னால், இருட்டில், ஐந்தாம் இடத்துக்காக ஓடிக்கொண்டிருந்தார்.